வாசகர் கேள்வி – பதில்: வெளியூர்ப் பயணத்தில் சோரும் தோள்கள்

டல்லாஸில் வசிக்கும் வாசகி ஒருவர், கொலராடோ ராக்கீஸ் என்னும் பேஸ்பால் அணி 2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் 162 ஆட்டங்களில் 119-இல் தோற்றதைச் சொல்லி, தோற்கும் அணியின் பிட்சர்கள் வெளியூர்ப் பயணத்தில் ஏன் இன்னும் மோசமாக நொறுங்குகிறார்கள் என்று கேட்டு எழுதியிருந்தார். அதே பொருளை ஒட்டி வேறு சில கடிதங்களும் வந்திருந்தமையால், இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். டல்லாஸ் வாசகியின் கேள்விக்குப் போகுமுன், இந்த ஆட்டத்தை அதிகம் பார்த்திராதவர்களுக்காகச் சேலத்துக் கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பேஸ்பாலில் பிட்சர் என்பவர் நம் கிரிக்கெட் பந்து வீச்சாளரைப் போன்றவர்தானே? பிறகு ஏன் வெற்றி தோல்வி இரண்டையும் அவர் பெயரிலேயே எழுதுகிறார்கள்?
– வாசகர், சேலம்

நம் காதுக்குப் 'பிட்ச்' என்றால் ஆடுகளம். அவர்களுக்கு அது பந்தை எறியும் செயல். அந்தக் குழப்பத்தைத் தாண்டிவிட்டால் ஒப்பீடு பாதிவரை பொருந்தும். கிரிக்கெட்டில் ஓர் ஓவர் முடிந்ததும் வேறொருவர் கைக்குப் பந்து போகிறது. களைத்தவர் எல்லைக்கோட்டருகே போய் நின்று மூச்சு வாங்கிவிட்டு அரை மணி நேரம் கழித்து மீண்டும் வரலாம். பேஸ்பாலில் அந்த வசதி கிடையாது. ஒரு பிட்சர், பந்தெறியும் இடமான மேட்டில் ஏறிவிட்டால் தம்மை மாற்றும்வரை ஒவ்வொரு பந்தையும் அவரே எறிய வேண்டும். மாற்றி வெளியே அனுப்பிவிட்டாலோ அன்றைய ஆட்டத்தில் அவர் மீண்டும் எறிய வர முடியாது. ஆகவே ஒன்பது இன்னிங்ஸ், அதாவது இருபத்தேழு அவுட், என்ற மொத்த வேலையையும் யார் எவ்வளவு சுமப்பது என்பதே ஒவ்வொரு நாளும் மேலாளரின் முதல் கவலை. வெற்றி தோல்வியைப் பிட்சர் பெயரில் எழுதுவதும் இந்தச் சுமையால்தான்.

இப்போதைய வழக்கப்படி, ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஏறத்தாழ நூறு பந்துகளுக்குள் ஐந்து அல்லது ஆறு இன்னிங்ஸ் எறிந்துவிட்டு, அடுத்த நான்கு நாட்களாவது ஓய்வெடுக்கிறார். அப்படி ஐந்து பேர் சுழற்சியில் இருப்பார்கள். எஞ்சிய இன்னிங்ஸ்களை எறிய, மைதானத்தின் ஓரத்தில் 'புல்பென்' என்னும் இடத்தில் தோளைச் சூடேற்றிக்கொண்டு காத்திருக்கும் ஏழெட்டுப் பேர் உண்டு. பிட்சரின் தரத்தை அளக்க ஈஆர்ஏ என்ற கணக்கு இருக்கிறது: சக ஆட்டக்காரர்களின் தவறால் போன ரன்களைக் கழித்துவிட்டு, அவர் பொறுப்பில் போன ரன்கள் ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை என்று பார்ப்பது. நான்குக்குள் இருந்தால் நல்லது, ஐந்தைத் தாண்டினால் கவலை, ஆறைத் தாண்டினால் வேலை போகும். 'சக ஆட்டக்காரர்களின் தவறால் போன ரன்கள்' என்ற பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கீழே மீண்டும் வரும்.

தோற்கும் அணியின் பிட்சர்கள் வெளியூர்ப் பயணத்தில் கூடுதலாகச் சரிவது ஏன்? கூச்சல் காரணமா, பயணக் களைப்பா, அல்லது மனம் உடைந்து போவதா?
– வாசகி, டல்லாஸ்

நீங்கள் சொன்ன மூன்றும் உண்டு. ஆனால் மூன்றும் சேர்ந்தாலும் பாதிக் காரணம்கூட ஆகாது என்பது என் கருத்து. பேஸ்பாலில் சொந்த மைதானத்தின் சாதகம் மிகப் பெரியதன்று. நூறு ஆட்டங்களில் ஐம்பத்து மூன்று அல்லது ஐம்பத்து நான்கை உள்ளூர் அணி வெல்லும், அவ்வளவுதான். வேறொரு ஊரின் மேடு கால் வைக்கச் சற்று வேறு மாதிரி இருக்கும், இரவு ஆட்டம் முடிந்து விமானம் ஏறி விடியற்காலையில் விடுதிக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கும், நேர மண்டலம் மாறும். ஆனால் நல்ல அணிகளும் இதே விமானங்களில்தான் பறக்கின்றன. நலிந்த அணியை வெளியூரில் சாய்ப்பது இன்னிங்ஸ் கணக்கு.

ஒன்பது நாளில் ஒன்பது ஆட்டம், மூன்று ஊர் என்று ஒரு பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் தொடங்கிய பிட்சர் மூன்றாம் இன்னிங்ஸிலேயே அடி வாங்கி வெளியேறுகிறார். மிச்சமுள்ள ஐந்து ஆறு இன்னிங்ஸ்களைப் புல்பென்னிலிருந்து நால்வர் பகிர்ந்து எறிய வேண்டும். மறுநாள் அந்த நால்வரில் இருவர் கையைத் தூக்க முடியாத நிலையில் இருப்பார்கள். எனவே இரண்டாம் நாள் தொடங்கும் பிட்சர் தடுமாறினாலும் அவரை உடனே மாற்றக் கூடாது என்று மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறார். மாற்றியிருந்தால் இரண்டு ரன்னோடு முடிந்திருக்க வேண்டிய இன்னிங்ஸ் ஐந்து ரன்னில் முடிகிறது. மூன்றாம் நாள், ஓய்விலிருக்க வேண்டிய ஒருவர் எறிகிறார். வேகம் மணிக்கு இரண்டு மைல் குறைகிறது, வளைய வேண்டிய பந்து வளையாமல் நடுவே வந்து நிற்கிறது. முதல் நாள் செலவழித்ததை எட்டாம் நாள்வரை யாரோ ஒருவர் தோளால் அடைத்துக்கொண்டே இருப்பார். பார்ப்பவர்களோ அந்தந்த நாளில் கடைசியாக எறிந்தவரைத் திட்டுவார்கள்.

உடனே புதிய ஆட்களை வரவழைக்கலாமே என்று கேட்பீர்கள். ஓர் அணியில் ஒரே நேரத்தில் 26 பேர். அவர்களில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2022 முதல் நடைமுறையில் உள்ள வரம்பு. செப்டம்பரில் மட்டும் 28 பேர், அவர்களில் 14 பிட்சர்கள். கீழ்நிலை லீக்கிற்குத் திருப்பி அனுப்பப்பட்ட பிட்சரை, யாரேனும் காயமடைந்தால் ஒழிய, 15 நாட்களுக்கு மீண்டும் அழைக்க முடியாது. வலுவான அணிக்கு இந்த விதிகள் உறுத்துவதில்லை. அதன் தொடக்கப் பிட்சர்கள் ஆறு இன்னிங்ஸ் எறிந்துவிடுவார்கள். நலிந்த அணிக்கோ சட்டை துவைக்க நேரமின்றி அதையே மறுநாளும் போட்டுக்கொண்டு போகிற நிலை.

வெளியூர் அணிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. விருந்தினர் அணி எப்போதும் முதலில் மட்டை பிடிக்கும், உள்ளூர் அணி பின்னால். ஒன்பதாம் இன்னிங்ஸில் ரன்கள் சமமாக இருக்கையில், விருந்தினர் அணி ஒரு ரன் கொடுத்தாலும் அந்த நொடியே ஆட்டம் முடிந்துவிடும். அந்த அணியின் மிகச் சிறந்த கடைசிநேரப் பிட்சரை மேலாளர் எதற்காக வைத்திருக்கிறார்? முன்னிலை கிடைத்தால் அதைக் காப்பதற்காக. முன்னிலை வரும் வரும் என்று அவரைப் புல்பென்னிலேயே உட்கார வைத்துவிட்டு, இரண்டாந்தரப் பிட்சரிடம் சமநிலையை ஒப்படைக்கிறார். முன்னிலை வருவதற்குள் ஆட்டம் போய்விடுகிறது. அணியின் சிறந்த தோள் அன்று ஒரு பந்துகூட எறியாமலேயே விடுதிக்குத் திரும்பிவிடும். இதை மேலாளர்களின் பிடிவாதம் என்றுதான் சொல்வேன்.

ஒரு வேடிக்கையும் இருக்கிறது. உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் ஒன்பதாம் இன்னிங்ஸின் பின்பாதியை ஆடுவதே இல்லை. எனவே வெளியூரில் தோற்கும் அணி எட்டு இன்னிங்ஸ் எறிந்தால் போதும். தோற்பவர்களுக்கு ஆட்டம் தரும் ஒரே சலுகை அது.

ராக்கீஸ் அணியின் ஊரான டென்வர் மலை மேல் இருப்பதால்தான் அவர்களுடைய பிட்சர்கள் சிரமப்படுகிறார்கள் என்கிறார்கள். அப்படியானால் வெளியூர் வந்தால் நிலைமை சீராக வேண்டுமல்லவா?
– வாசகர், கோயம்புத்தூர்

கூர்மையான கேள்வி. டென்வர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,200 அடி உயரத்தில் இருக்கிறது. கூர்ஸ் ஃபீல்டு என்னும் மைதானத்தில் சரியாக ஒரு மைல் உயரத்தைக் குறிக்க ஒரு வரிசை இருக்கைகளுக்கு மட்டும் ஊதா நிறம் பூசியிருக்கிறார்கள். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. பந்தை வளைப்பது அதன் தையல் காற்றோடு உரசும் விசைதான் என்பதால், அடர்த்தி குறைந்த காற்றில் பந்து சரியாக வளைவதில்லை. அடித்த பந்தோ தடையின்றிப் பறக்கிறது. அப்படிப் பறப்பதைச் சமாளிக்க மைதானத்தை விசாலமாகக் கட்டினார்கள். அதனால் ஆட்டக்காரர்களுக்கிடையே பந்து விழுவதற்கான வெற்றிடமும் பெருகிவிட்டது. வறண்ட காற்றில் பந்து காய்ந்து கடினமாவதைத் தடுக்க 2002 முதல் ஈரப்பதம் காக்கும் அறையில் பந்துகளைச் சேமித்து வைக்கிறார்கள். நிலைமை சற்றுத் தணிந்ததே தவிர மாறிவிடவில்லை.

அங்கே எதிரணிக்கு ஒரு ரன்னும், பந்தை அடித்துவிட்டு அவுட்டாகாமல் ஓடிச் சேரும் 'ஹிட்' ஒன்றும் கொடாமல் முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தவர் ஒரே ஒருவர். டாட்ஜர்ஸ் அணிக்காக 1996 செப்டம்பரில் அதைச் செய்த ஜப்பானியரான ஹிடேயோ நோமோ. ராக்கீஸ் அணியின் பிட்சர் ஒருவரும் அத்தகைய ஆட்டத்தை எறிந்திருக்கிறார்: உபால்டோ ஹிமெனஸ், 2010 ஏப்ரலில். ஆனால் அவர் எறிந்தது டென்வரில் அன்று, அட்லாண்டாவில். ஆகவே, கீழே இறங்கினால் பந்து மீண்டும் வளையும் என்பதில் ஐயமில்லை.

பிறகு ஏன் பயணத்திலும் தோற்கிறார்கள்? பந்து வளைந்தாலும் தோள் புதிதாகிவிடுவதில்லை. டென்வரில் ஆறு நாள் ஆடி ஒவ்வொரு நாளும் ஏழெட்டு ரன் கொடுத்து, புல்பென் முழுவதையும் பிழிந்து எடுத்த பிறகே விமானம் ஏறுகிறார்கள். உள்ளூரில் ஏறிய கடனோடு வெளியூருக்குப் போகும் அணி அது. மேலும், பந்து வளையாத ஊரில் பிடியையும் குறியையும் ஒரு விதமாகப் பழக்கிக்கொண்ட பிட்சர், பந்து வளையும் ஊருக்குப் போனதும் முதல் ஓரிரு ஆட்டங்களில் அளவு தெரியாமல் தடுமாறுவார். அவர்களுடைய மட்டையாளர்களுக்கும் அதே தொல்லை. அவர்கள் ரன் எடுக்காவிட்டால் பிட்சர் ஒவ்வொரு பந்தையும் கழுத்தில் கத்தி தொங்குவது போல் எறிய வேண்டியிருக்கும்.

2025-இல் இது உச்சத்துக்குப் போனது. அந்த அணி 597 ரன் எடுத்து 1,021 ரன் கொடுத்தது. 1900-க்குப் பிறகான வரலாற்றில் இவ்வளவு பெரிய பற்றாக்குறை எந்த அணிக்கும் ஏற்பட்டதில்லை. தொடக்கப் பிட்சர்களின் ஈஆர்ஏ 6.65. மே 10 அன்று சொந்த மைதானத்திலேயே சான் டியேகோ அணியிடம் 21–0 என்று தோற்றார்கள். மறுநாள் வென்றும்கூட, மேலாளர் பட் பிளாக் நீக்கப்பட்டார். ஆனால் அந்தப் பருவத்தில் அவர்கள் வென்ற முதல் தொடர் எங்கே கிடைத்தது தெரியுமா? ஜூன் தொடக்கத்தில் கடலோரத்து மயாமியில், மூன்று ஆட்டங்களையும் வென்று. அப்போது அவர்களுடைய கணக்கு 12 வெற்றி, 50 தோல்வி. உயரத்தின் மீது மட்டும் பழியைப் போடுகிறவர்களும் சரி, உயரம் ஒரு பொருட்டே அன்று என்கிறவர்களும் சரி, அந்த மூன்று நாளை மறந்துவிட்டே பேசுகிறார்கள்.

பேஸ்பால் வரலாற்றிலேயே வெளியூர்ப் பயணத்தில் மிக மோசமாகத் தோற்ற அணி எது?
– வாசகர், தஞ்சாவூர்

ஐயத்துக்கு இடமில்லை: 1899-ஆம் ஆண்டின் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ். மொத்தம் 154 ஆட்டங்களில் 20 வெற்றி, 134 தோல்வி. அவற்றில் 112 ஆட்டங்கள் வெளியூரில் ஆடப்பட்டன. அங்கே 11 வென்று 101 தோற்றார்கள். 162 ஆட்டங்கள் ஆடும் இன்றைய அட்டவணையில் ஓர் அணி வெளியூரில் ஆடுவது 81 ஆட்டங்கள்தான் என்பதால், வெளியூரில் நூறு தோல்வி என்ற சாதனையை முறியடிக்க இனி யாருக்கும் வழியே இல்லை.

இது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லாவிட்டால் அந்த ஆட்டக்காரர்களுக்கு அநீதி செய்தவனாவேன். ஸ்பைடர்ஸ் அதற்கு முந்தைய ஆண்டுவரை மதிப்பான அணி. 1898-இல் 81 ஆட்டங்களை வென்று பன்னிரண்டு அணிகளில் ஐந்தாம் இடம் பிடித்தது. ஆனால் கிளீவ்லாந்தில் கூட்டம் சேரவில்லை. அணியின் உரிமையாளர்களான ஃபிராங்க் ராபிசன், ஸ்டான்லி ராபிசன் என்னும் சகோதரர்கள் டிராம் வண்டித் தொழில் நடத்தியவர்கள். எங்கே டிக்கெட் விற்கும் என்பதை நன்றாக அறிந்தவர்கள். 1899-இல் செயின்ட் லூயிஸ் அணி விற்பனைக்கு வந்தபோது அதையும் வாங்கினார்கள். அக்காலத்தில் ஒருவரே இரண்டு அணிகளை வைத்துக்கொள்வதற்குத் தடை இல்லை. வாங்கியதும் செய்த முதல் வேலை, கிளீவ்லாந்தின் நல்ல ஆட்டக்காரர்களைச் செயின்ட் லூயிஸுக்கும், அங்கே வேண்டாதவர்களைக் கிளீவ்லாந்துக்கும் மாற்றியது. அப்படிப் போனவர்களில் ஒருவர் சை யங். வாழ்நாளில் 511 வெற்றிகள் பெற்று, இன்றளவும் அந்த எண்ணிக்கையில் முதலிடத்தில் இருப்பவர்; 1956 முதல் ஆண்டுதோறும் சிறந்த பிட்சருக்கு அவர் பெயரால்தான் விருது வழங்குகிறார்கள். பருவத்தின் முதல் ஆட்டத்தில் கிளீவ்லாந்து சந்தித்தது அதே சை யங்கை, செயின்ட் லூயிஸ் சட்டையில். 10–1 என்று தோற்றார்கள்.

மிச்சத்தைக் கிளீவ்லாந்து மக்கள் பார்த்துக்கொண்டார்கள். யாரும் மைதானத்துக்கு வரவில்லை. உள்ளூரில் நடந்த 42 ஆட்டங்களுக்கும் சேர்த்து வந்தவர்கள் 6,088 பேர், அதாவது ஆட்டத்துக்கு ஏறத்தாழ 145 பேர். நம் ஊர்க் கல்யாணத்தின் முதல் பந்திக்கே அதைவிடக் கூட்டம் சேரும். டிக்கெட் வசூலில் விருந்தினர் அணிக்கு ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு விடுதி வாடகைக்கே போதவில்லை என்று மற்ற அணிகள் கிளீவ்லாந்துக்கு வர மறுத்தன. எனவே ஜூலை முதல், ஒரு சில ஆட்டங்கள் நீங்கலாக, ஸ்பைடர்ஸ் ரயிலிலேயே வாழ்ந்தார்கள். பாஸ்டன், புரூக்ளின், பிலடெல்ஃபியா, பால்டிமோர், லூயிவில், சிகாகோ என்று ஊர் ஊராகப் போய்த் தோற்றுவிட்டு அடுத்த ரயில் ஏறினார்கள். ஆகஸ்ட் 26 முதல் செப்டம்பர் 16 வரை தொடர்ந்து 24 தோல்விகள். அதன் பின் ஒரு வெற்றி. அதன் பின் மீண்டும் 16 தோல்விகள். கடைசி 41 ஆட்டங்களில் அவர்கள் வென்றது அந்த ஒன்றைத்தான்.

அப்படியானால் ஸ்பைடர்ஸ் பிட்சர்கள் உண்மையிலேயே திறமையற்றவர்களா?
– வாசகி, மதுரை

எண்களை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஜிம் ஹூயி 4 வெற்றி, 30 தோல்வி. சார்லி நெப்பர் 4, 22. ஃபிராங்க் பேட்ஸ் 1, 18. ஃபிரெட் ஷ்மிட் 2, 17. ஹாரி காலிஃபிளவர் 1, 11. பெரிய லீக்கில் ஒரே பருவத்தில் முப்பது ஆட்டம் தோற்ற கடைசிப் பிட்சர் ஹூயிதான்; பின்னர் யாருக்கும் அந்த நிலை வரவில்லை. வரவிடவுமில்லை, ஏனென்றால் இருபது தோற்கும் முன்பே இப்போது ஆளை மாற்றிவிடுவார்கள்.

ஆனால் மேலே நினைவில் வைக்கச் சொன்ன கணக்குக்கு இப்போது வருவோம். ஸ்பைடர்ஸ் கொடுத்த ரன்கள் மொத்தம் 1,252. ஆட்டத்துக்கு எட்டுக்கும் மேல். பிட்சர்களின் ஈஆர்ஏ 6.37. இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்பியவர்கள், பந்தைப் பிடிக்கத் தவறியவர்களும் தப்பான திசையில் எறிந்தவர்களும். இன்னொரு பக்கம், அணி எடுத்த ரன்கள் 529. ஆட்டத்துக்கு மூன்றரை ரன் எடுக்கும் அணிக்காக, பின்னால் நிற்பவர்கள் பந்தை விட்டுவிடுவார்கள் என்று தெரிந்தே எறியும் பிட்சர் என்ன செய்வார்? ஒவ்வொரு மட்டையாளரையும் தாமே வீழ்த்தப் பார்ப்பார். மூன்று அவுட் போதுமான இன்னிங்ஸில் நான்கு ஐந்து அவுட்டுக்கான பந்துகளை எறிவார். அதுவும் புல்பென் என்று ஒன்று உருவாகாத காலம். தொடங்கியவரே பெரும்பாலும் முடிக்கவும் வேண்டும். எட்டு ரன் கொடுத்துக்கொண்டிருப்பவரை எட்டாம் இன்னிங்ஸிலும் எறியவிட்டது கொடுமைக்காக அன்று, அவருக்குப் பின்னால் யாரும் இல்லாததால்.

இதனோடு உரிமையாளர்களின் கைவரிசை நின்றுவிடவில்லை. கிளீவ்லாந்தில் யாராவது ஒருவர் கொஞ்சம் நன்றாக எறிந்தால் அவரையும் செயின்ட் லூயிஸுக்கு அழைத்துக்கொண்டார்கள். வில்லி சுடாஃப் என்பவர் 3 வென்று 8 தோற்றிருந்தார். அந்த அணியில் அது சிறப்பான கணக்கு. ஜூனில் அவர் போய்விட்டார். பதிலுக்கு வந்தவர்களில் ஒருவர்தான் மேலே சொன்ன பேட்ஸ். மேலாளரும் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரருமான லேவ் கிராஸும் அதே வழியில் போனார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜோ குவின், ஆஸ்திரேலியாவில் பிறந்து பெரிய லீக்கில் ஆடிய முதல் மனிதர். ஆட்டமில்லாத நாட்களில் செயின்ட் லூயிஸில் ஈமச் சடங்கு நிலையம் நடத்தினார். அந்த ஆண்டு அவருக்கு இரண்டு வேலைக்கும் பெரிய வேறுபாடு தெரிந்திருக்காது.

இவ்வளவு செய்தும் செயின்ட் லூயிஸ் பட்டம் வென்றதா என்றால் அதுவும் இல்லை. ஐந்தாம் இடம்.

பிட்சர்களே தீர்ந்துபோனால் என்ன செய்வார்கள்? வேறு யாராவது எறியலாமா?
– வாசகர், நாகர்கோவில்

எறியலாம். தோல்வி உறுதியான ஆட்டத்தில் பிட்சர்களின் தோளை மறுநாளைக்குச் சேமிப்பதற்காக, பந்து தடுக்கும் ஆட்டக்காரர் ஒருவரை மேட்டில் ஏற்றுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கிண்டலுக்குரிய காட்சியாகப் பார்க்கிறார்கள்; நீண்ட பயணத்தின் நடுவே அது மேலாளர் எடுக்கும் மிகப் பொறுப்பான முடிவாகவும் இருக்கலாம். அது அளவுமீறிப் போனதால் 2023 முதல் விதியை இறுக்கியிருக்கிறார்கள்: எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட ரன் பின்தங்கியிருந்தாலோ, ஒன்பதாம் இன்னிங்ஸில் பத்து ரன் முன்னிலை இருந்தாலோ, கூடுதல் இன்னிங்ஸுக்கு ஆட்டம் போனாலோதான் அனுமதி.

ஸ்பைடர்ஸ் இதிலும் ஒரு படி மேலே போனார்கள். 1899 அக்டோபர் 15, சின்சினாட்டி நகரில் கடைசி ஆட்டம். அன்று எறிந்தவர் எடி கோல்ப் என்னும் இளைஞர். சுருட்டுக் கடையில் வேலை செய்தவர். 19–3 என்று தோற்றார்கள். பெரிய லீக்கில் அவர் ஆடிய ஒரே ஆட்டம் அது.

சிறந்த பிட்சர் ஒருவரையே பயணம் முழுவதும் எறியவிட்டால் என்ன?
– வாசகர், திருச்சி

முழங்கைத் தசைநார் அறுந்துவிடும். அதைச் சீர்செய்ய 1974-இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாகச் செய்த அறுவைச் சிகிச்சைக்கு, அதைச் செய்துகொண்ட பிட்சரின் பெயரான டாமி ஜான் என்பதே நிலைத்துவிட்டது. தேறிவர ஓராண்டுக்கு மேலாகும்.

2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்றதே, அது ஸ்பைடர்ஸை விட மோசமில்லையா?
– வாசகர், புதுச்சேரி

எண்ணிக்கையில் நெருங்கினாலும் விகிதத்தில் இல்லை. ஒயிட் சாக்ஸ் நான்கில் ஒன்றை வென்றார்கள். ஸ்பைடர்ஸ் ஏழில் ஒன்றைக்கூட எட்டவில்லை. என்றாலும் அந்த ஆண்டுக் கோடையில் ஒயிட் சாக்ஸ் பட்ட பாடு நம் பொருளுக்கு நன்றாகப் பொருந்தும். ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 5 வரை தொடர்ந்து 21 தோல்விகள். அந்தத் தொடர் முறிந்தது ஓக்லாந்தில், ஆகஸ்ட் 6 அன்று, 5–1 வெற்றியோடு. வென்ற அணியின் மேலாளர் பெட்ரோ கிரிஃபோல் இரண்டு நாளில் வேலையிழந்தார். 1962-இன் நியூயார்க் மெட்ஸ் வைத்திருந்த 120 தோல்விக் கணக்கை அவர்கள் தாண்டியதும் வெளியூரில், டெட்ராய்டில். அவர்களிடம் காரெட் குரோஷே என்னும் அருமையான பிட்சர் இருந்தார். ஆனால் அதற்கு முன் முழுப் பருவம் தொடக்கப் பிட்சராக எறிந்திராத அவருடைய கையைக் காப்பதற்காகப் பருவத்தின் பிற்பகுதியில் சில இன்னிங்ஸோடு அவரை நிறுத்திக்கொண்டார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் விட்டுச்சென்ற இன்னிங்ஸ்களை அன்றன்றைக்கு எறிய வேண்டியிருந்தவர்கள், ஏற்கெனவே களைத்திருந்த புல்பென்காரர்கள்.

ஸ்பைடர்ஸ் ஆட்டக்காரர்கள் பிறகு என்ன ஆனார்கள்?
– வாசகி, காரைக்குடி

பருவம் முடிந்த இரவில் ஆட்டக்காரர்கள் தங்கள் பயணச் செயலரான ஜார்ஜ் மியூருக்கு வைரம் பதித்த பதக்கம் ஒன்றைப் பரிசளித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. ஒரு தோல்வியும் விடாமல் எல்லா ஆட்டங்களையும் பார்க்க நேர்ந்த துரதிர்ஷ்டசாலி அவர் ஒருவர்தான் என்பது காரணம். 1900-இல் லீக் பன்னிரண்டு அணிகளை எட்டாகக் குறைத்தபோது கிளீவ்லாந்து, லூயிவில், பால்டிமோர், வாஷிங்டன் ஆகிய நான்கும் கலைக்கப்பட்டன. மறு ஆண்டு அமெரிக்கன் லீக்கில் கிளீவ்லாந்துக்கு வேறோர் அணி வந்தது. கார்டியன்ஸ் என்ற பெயரில் இன்று ஆடுவது அதன் வழிவந்ததுதான்.

முப்பது ஆட்டம் தோற்ற ஜிம் ஹூயியை 1900-இல் செயின்ட் லூயிஸ் எடுத்துக்கொண்டது. அதே தோள், அதே பந்து. பின்னால் நின்றவர்கள் மட்டும் வேறு. 5 வென்று 7 தோற்றார்.